முதல் ஊசிக்கு முன்னால்

வார்டில் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு பாட்டிலைத் தொங்கவிட்டு, பாதி இறங்கின பிறகுதான் யாருக்காவது ஞாபகம் வரும்: “ஆன்டிபாடிக்கு ரத்தம் எடுத்தாச்சா?”

உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த மூளையையோ தண்டுவடத்தையோ பார்வை நரம்பையோ தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்களுக்கு (அப்படித் தாக்கும் புரதம்தான் ஆன்டிபாடி) மருந்துப் பட்டியல் சின்னதுதான். ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு ஈடு ஏற்றுவது), இம்யூனோகுளோபுலின் (கொடையாளிகளின் ஆன்டிபாடித் தொகுப்பு), எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டக்சிமேப், இன்னும் நாலைந்து. சென்னையிலும் அதே, கோரிமேட்டு ஜிப்மரிலும் அதே. காரியம் கெடுவது பெரும்பாலும் வரிசையில்தான். எதை எடுத்த பிறகு எதைக் கொடுப்பது, எதற்குக் காத்திருப்பது, எதற்குக் காத்திருக்கவே கூடாது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் பக்கத்தில் நோயாளியை முதலில் பார்க்கிற டியூட்டி டாக்டர்களுக்கும், கையில் ஸ்கேன் ஃபிலிமோடு புதுச்சேரி பஸ் ஏறுகிற வீட்டாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அளவுகள் பெரியவர்களுக்கானவை. யாருக்கு எவ்வளவு என்பதைப் படுக்கையருகே நிற்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் சந்தேகம் வர வேண்டும். அதற்குக் காலக்கணக்கு நல்ல வழிகாட்டி. பக்கவாதம் நிமிடங்களில் வரும். கட்டி மாதக்கணக்கில் மெதுவாக வளரும். இந்த நோய்கள் நடுவில்: சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் ஆளே மாறிப்போவார். மூளையழற்சிக்கு 2016-இல் வகுத்த அளவுகோலும் மூன்று மாதத்துக்குள் நினைவு, உணர்வுநிலை அல்லது நடத்தை மாறியிருக்க வேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறது. அதோடு புதிதாக வந்த ஃபிட்ஸ், நரம்புக் குறைபாடு, முதுகு நீரில் (மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர்) வெள்ளையணு செல் கூடியிருப்பது, எம்ஆர்ஐயில் பொருத்தமான மாற்றம் இவற்றில் ஒன்றாவது இருந்து, வேறு காரணங்களும் கழிந்துவிட்டால் போதும். ஆன்டிபாடி ரிப்போர்ட் கைக்கு வராமலே சிகிச்சையை ஆரம்பிக்கலாம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இருபது வயதுப் பெண். நாலு நாள் தலைவலி, லேசான ஜுரம். பிறகு தூக்கம் போச்சு. சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்கிறாள். வீட்டில் காத்து கருப்பு என்று தாயத்து கட்டுவார்கள். இல்லையென்றால் மனநல வார்டில் சேர்ப்பார்கள். இரண்டாவது வாரம் ஃபிட்ஸ். பிறகு வாய் தானாக மெல்லுகிறது, நாக்கு வெளியே வந்து வந்து போகிறது, கை காற்றில் எதையோ பிசைகிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. இது என்எம்டிஏ ஏற்பி மூளையழற்சி: மூளைச் செல்லின் மேலுள்ள அந்த ஏற்பியை ஆன்டிபாடி தாக்குவது. ஜோசப் டால்மாவ் குழு 2007-இல் இதை அடையாளம் காட்டிய பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. எம்ஆர்ஐ பாதிப் பேருக்கு மேல் நார்மலாகவே வரும். அதைப் பார்த்து “மூளையில ஒண்ணுமில்லம்மா, மனசுதான்” என்று திருப்பி அனுப்புவது இந்த நோயில் வழக்கமாக நடக்கும் முதல் தப்பு. மூளை மின்னலைகளைப் பதியும் இஇஜி எடுத்தால் பெரும்பாலோருக்கு அலைகள் மந்தமாக இருக்கும். நல்ல புத்தியோடு விழித்திருக்கும் மனநோயாளிக்கு அப்படி இருக்காது. இரண்டாவது தப்பு மனநோய்க்கான ஹாலோபெரிடால் ஊசியை மேலே மேலே ஏற்றுவது. இவர்களுக்கு அந்த வகை மருந்து சுலபமாக உடம்பு விறைப்பையும் கடும் ஜுரத்தையும் கிளப்பிவிடும். அப்புறம் நோய் எது, மருந்தின் விளைவு எது என்றே பிரிக்க முடியாது. அடக்க வேண்டியிருந்தால் லொராசிபாம் பாதுகாப்பு. உறைந்துபோய்க் கிடக்கும் நிலைக்கும் அதுதான் முதல் மருந்து.

இன்னொன்று வயதானவர்களுடையது. இதைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அறுபத்தைந்து வயதுக்காரர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். சோற்றைப் பிசைந்து கையைத் தூக்கும்போது வலது பக்க முகம் ஒரு தடவை சுளிக்கிறது, அதே நொடி வலது கை வெட்டி இழுக்கிறது, சோறு தரையில். எண்ணி ஒன்று, இரண்டு, முடிந்தது. மறுபடி எடுத்துச் சாப்பிடுகிறார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவைகூட வரும். மூன்று நொடியைத் தாண்டாது. நினைவு தப்பாததால் வீட்டில் யாரும் ஃபிட்ஸ் என்று நினைக்க மாட்டார்கள். டாக்டர் அறையில் உட்கார்ந்திருக்கிற ஐந்து நிமிடத்தில் வராமலும் போகலாம். அதனால் போனில் வீடியோ எடுங்கள், முகமும் கையும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி. எல்ஜிஐ1 என்ற மூளைப் புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடி நோயில் இந்த வெட்டு, மறதி முற்றுவதற்குப் பல வாரம் முன்பே வந்துவிடும். அந்த இடைவெளியில் பிடித்தால் நினைவைக் காப்பாற்றலாம்.

இவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு. 125, 126 என்று வரும். பிரஷர் மாத்திரையால் என்பார்கள், வெயிலில் உப்புச்சத்து போச்சு என்பார்கள், உப்பு மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். அதற்கு மேல் யாராவது வெட்டைப் பார்த்துக் கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தை எழுதிவிட்டால் சோடியம் இன்னும் இறங்கும், ஃபிட்ஸும் நிற்காது. இந்த நோயில் வலிப்பு மருந்தைவிட ஸ்டீராய்டுதான் வெட்டை நிறுத்துகிறது. வலிப்பு மருந்து வேண்டுமென்றால் சோடியத்தைத் தொடாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தண்டுவடத்துக்கு வருவோம். இரண்டு கால் மரத்து, சிறுநீர் அடைத்துக்கொண்டு வருகிறவருக்கு “இடுப்பு எம்ஆர்ஐ” எழுதுவது இந்தப் பக்கம் தீராத வியாதி. தண்டுவடம் முதல் இடுப்பெலும்பின் உயரத்திலேயே முடிந்துவிடுகிறது. இடுப்புப் படத்தில் தெரிவது அதன் வால் நுனி மட்டும். நோய் நெஞ்சு மட்டத்திலோ கழுத்திலோ உட்கார்ந்திருக்கும். ரிப்போர்ட்டில் “எல்4-எல்5 வட்டு லேசாகப் பிதுங்கியுள்ளது” என்று வரும். அது யாருக்குத்தான் இல்லை? ஒரு வாரம் வீணாகும். செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. எவர்சில்வர் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, நோயாளியின் முதுகில் கீழிருந்து மேலாகத் தொட்டுக்கொண்டே போங்கள். “இப்ப சில்லுன்னு இருக்கா?” என்று கேளுங்கள். சில்லென்று தெரிய ஆரம்பிக்கிற கோட்டுக்குக் கீழே நோய் இருக்காது. அந்த மட்டத்திலோ அதற்கு மேலேயோதான் இருக்கும். கோடு கிடைத்துவிட்டால் முழு முதுகெலும்புக்கும் நெடுக்குவெட்டுப் படம் கேளுங்கள். மூளையையும் சேர்த்தே எடுத்துவிடுவது நல்லது. புதுச்சேரிக்கு இரண்டாவது நடை மிச்சம்.

மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கோ அதற்கு மேலோ தண்டுவடம் வீங்கியிருந்தால் நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா (பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்குவது), நரம்புறைப் புரதம் ஒன்றைத் தாக்கும் மாக் (எம்ஓஜி) ஆன்டிபாடி நோய் இரண்டையும் நினைக்க வேண்டும். முதலாவதைத் தெவிக் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1894-லேயே விவரித்துவிட்டார். ஆனால் அதற்கென்று தனி ஆன்டிபாடி இருப்பது 2004-இல்தான் தெரிந்தது. அது பிடிப்பது அக்வபோரின்-4 என்ற தண்ணீர் வாய்க்கால் புரதத்தை. இந்த நோய் சில சமயம் வேறு வேஷத்தில் வரும். இரண்டு மூன்று வாரமாக நிற்காத விக்கல், வாந்தி. எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்து, வயிற்றில் ஒன்றுமில்லை என்று ஆன பிறகு கால் விழும். விக்கல் வந்தது வயிற்றிலிருந்து அல்ல, முகுளத்தின் பின்பக்கத்தில் உள்ள வாந்தி மையத்திலிருந்து. காரணம் தெரியாத விக்கல் இரண்டு நாளைத் தாண்டினால், முன்பு எப்போதாவது கண் மங்கியதா, கால் மரத்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு இடைச்செருகல். பல நாள் வாந்தி எடுத்தவர், குடிப்பவர் இருவருக்கும் தயமின் (வைட்டமின் பி1) குறைந்திருக்கும். புதுச்சேரி எல்லையில் இதை விளக்க வேண்டியதில்லை. தயமின் குறைவால் வரும் வெர்னிக்கே மூளை நோயும் நியூரோமையலைட்டிஸும் எம்ஆர்ஐயில் மூளையின் ஒரே மாதிரி இடங்களில் வெள்ளையாகத் தெரியக்கூடியவை. குழம்பிக்கொண்டிருக்க வேண்டாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி, 500 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை நரம்பு வழியாக. சில்லறைக் காசு மருந்து. கொடுத்ததால் கெட்டவர் யாரும் இல்லை என்றே சொல்லலாம். கால் தளர்வுக்காரருக்கு பி12 அளவும் அப்படித்தான்: மருந்து போடுவதற்கு முன்பே ரத்தம் எடுத்து வையுங்கள். நியூரோபியான் ஊசி போட்ட பிறகு அளந்தால் எல்லோருக்கும் பி12 அபாரமாக இருக்கும்.

இனி, நம் மண்ணுக்கே உரிய சிக்கல். மேற்கத்திய வழிகாட்டிகளில் “தொற்று இல்லை என்று உறுதிசெய்க” என்று ஒரே வரியில் போய்விடுவார்கள். இங்கே அந்த ஒரு வரிதான் வேலையின் பெரும்பகுதி. காசநோய் மூளையுறை அழற்சி, ஹெர்ப்பிஸ் மூளைக்காய்ச்சல், உண்ணிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ், ஜப்பானிய மூளைக்காய்ச்சல். கடைசியாகச் சொன்னது இந்த நெல்வயல் பூமியில் பழைய ஆள். அதைப் பரப்பும் கொசுக்களை ஆராயவே விருத்தாசலத்தில் களநிலையம் வைத்து வேலை பார்த்திருக்கிறார்கள். எம்ஆர்ஐயில் மூளை நடுவிலுள்ள இரண்டு தலாமஸும் வெளுத்திருந்தால் அதை நினைத்து முதுகு நீரில் அதற்கான ஐஜிஎம் ஆன்டிபாடி பாருங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் மழைக்குப் பிந்திய மாதங்களில் கூடும். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்பின் அடியிலோ ஒளிந்திருக்கும். புடவையை விலக்கித் தேடாமல் “எஸ்கார் (அந்தப் பொருக்கு) இல்லை” என்று எழுதக் கூடாது. பெண் நோயாளி என்றால் நர்ஸம்மாவை விட்டுத் தேடச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் இரு வேளை, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல்.

ஹெர்ப்பிஸுக்கும் காத்திருப்பு கிடையாது. ஜுரம், குழப்பம், ஃபிட்ஸ் என்றால் அசைக்ளோவிர் கிலோவுக்கு 10 மில்லிகிராம், எட்டு மணிக்கு ஒருமுறை. அறுபது கிலோவுக்கு 600. ஒரு மணி நேரமாக ஏற்ற வேண்டும், நீர்ச்சத்து குறையாமல் பார்க்க வேண்டும். வேகமாகப் போனால் சிறுநீரகக் குழாய்களில் படிகமாகப் படியும். முதல் மூன்று நாளில் எடுத்த முதுகு நீரில் பிசிஆர் பொய்யாக நெகட்டிவ் வரலாம். படம் ஹெர்ப்பிஸ் மாதிரியே இருந்தால் சில நாள் கழித்து இன்னொரு தடவை எடுத்த பிறகுதான் மருந்தை நிறுத்துவது. ஹெர்ப்பிஸ் குணமாகி வீடு போனவர் சில வாரத்தில் மறுபடி நடத்தை மாறியோ விசித்திரமாகக் கை கால் ஆட்டிக்கொண்டோ வந்தால், கிருமி திரும்பிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஹெர்ப்பிஸின் வால் பிடித்து ஆட்டோஇம்யூன் மூளையழற்சி வருகிறது, என்எம்டிஏ ஆன்டிபாடியோடு. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குப் பின்னும் இது பதிவாகியிருக்கிறது.

முதுகு நீர் எடுப்பதுதான் இந்த வரிசையின் நடுநாயகம். “முதுகுல தண்ணி எடுத்தா கால் வெளங்காமப் போயிடும்” என்ற பயம் ஊர் ஊருக்கு உண்டு. ஊசி போவது மூன்றாவது நாலாவது இடுப்பெலும்புக்கு நடுவில், அல்லது அதற்கும் ஒன்று கீழே. மேலே சொன்ன மாதிரி தண்டுவடம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அங்கே இருப்பது நீரில் மிதக்கும் நரம்பு இழைகள், ஊசி வந்தால் விலகிக்கொள்ளும். உடம்பில் மொத்தம் இருக்கும் முதுகு நீர் 150 மில்லி. மணிக்கு 20 மில்லி புதிதாகச் சுரக்கிறது. 15 மில்லி எடுத்தாலும் ஒரு காபி குடித்துப் பேப்பர் படித்து முடிப்பதற்குள் ஈடாகிவிடும். இதை வீட்டாரிடம் இப்படியே சொன்னால் கையெழுத்து கிடைக்கும். மூளையில் கட்டியோ வீக்கமோ தெரிந்தாலும், ரத்தம் உறையும் தன்மை கெட்டிருந்தாலும் கதை வேறு.

ஆனால் ஐந்து மில்லியோடு ஊசியை உருவிவிட்டு, அப்புறம் “காசநோய்க்கு அனுப்பப் போதவில்லை” என்று கைபிசைவது அடிக்கடி நடக்கிறது. ஊசி குத்துவதற்கு முன்பே டியூப்களுக்குப் பெயர் ஒட்டி வரிசையாக நிற்க வையுங்கள். செல் எண்ண ஒரு மில்லி. ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், வெயிலில் கிடந்தால் செல் கரைந்து எண்ணிக்கை குறைந்து காட்டும். சர்க்கரை, புரதத்துக்கு ஃபுளோரைடு டியூபில் ஒன்று; அதே நேரத்தில் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையும் எழுதி வைக்காவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வைரஸ் பிசிஆருக்கு இரண்டு. காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கு ஐந்தாறு மில்லி. இதில் கஞ்சம் பிடித்தால் கிருமி சிக்காது. ஆன்டிபாடிக்கு இரண்டு, ஆலிகோகுளோனல் பட்டைக்கு (முதுகு நீரிலேயே உருவான ஆன்டிபாடியைக் காட்டும் சோதனை) ஒன்று, கூடவே ரத்தமும். மிச்சம் இரண்டு மில்லியை ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்து யாருக்காவது புது யோசனை வரும்போது அது தங்கம்.

எண்களைப் படிப்பது. ஆட்டோஇம்யூன் என்றால் செல் பெரும்பாலும் நூறுக்குள், அதுவும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு, புரதம் லேசாகக் கூடியிருக்கும், சர்க்கரை நார்மல். சர்க்கரை ரத்தத்தில் உள்ளதில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் நின்று யோசியுங்கள், காசநோயாக இருக்கலாம். செல் பூஜ்யமாக இருந்தாலும் எல்ஜிஐ1-ஐக் கழிக்க முடியாது. அதில் முதுகு நீர் சுத்தமாகவே இருப்பதுண்டு. ஆலிகோகுளோனல் பட்டைகள், இதே குடும்பத்து நரம்பு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் பத்தில் ஒன்பது பேருக்கு இருக்கும். நியூரோமையலைட்டிஸில் ஐந்தில் ஒருவருக்குக்கூடக் கிடையாது. இந்த இரண்டையும் பிரிப்பது வெறும் பெயர்ச் சண்டை அல்ல. ஸ்கிளிரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமாட், நாட்டாலிசுமாப் மூன்றும் நியூரோமையலைட்டிஸைக் கிளறிவிடும்.

எந்த ஆன்டிபாடிக்கு எந்த நீர் என்பதையும் மாற்றிப் போடுகிறார்கள். அக்வபோரினுக்கும் மாக்கிற்கும் ரத்தம்தான். எல்ஜிஐ1-க்கும் ரத்தம்தான் மேல். என்எம்டிஏவுக்கு முதுகு நீர்; ரத்தத்தை மட்டும் அனுப்பினால் ஏழில் ஒருவரைத் தவறவிடலாம், வேறு சிலருக்குப் பொய்ப் பாசிட்டிவும் வரும். சந்தேகமானால் இரண்டையும் அனுப்புங்கள். செல்களின் மேல் புரதத்தை வளர்த்துச் சோதிக்கும் முறையில் செய்கிறார்களா என்று லேபைக் கேளுங்கள். அக்வபோரினுக்கு எலிசா என்ற இன்னொரு முறையில் குறைந்த அளவில் வரும் பாசிட்டிவை நம்பி ஆயுளுக்கும் மருந்து எழுதக் கூடாது. மாக் மெலிதாகப் பாசிட்டிவ் என்றாலும் அப்படித்தான். படமும் கதையும் ஒத்துவராவிட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.

இப்போது ஊசி. சரியாகச் சொன்னால், ஒரு நாள் ஸ்டீராய்டால் ஆன்டிபாடி காணாமல் போகாது. அது கெடுப்பது வேறு மூன்றை. எம்ஆர்ஐயில் மருந்து ஏற்றிப் பார்க்கும்போது தெரிகிற பளிச்சிடலை மங்கடிக்கும். முதுகு நீரின் செல்லைக் குறைக்கும். மூளை லிம்ஃபோமாவாக (நிணநீர்ச் செல் புற்று) இருந்தால் அதை ஐஸ் மாதிரிக் கரைத்துவிடும். அப்புறம் பயாப்ஸி எடுத்தாலும் ஒன்றும் தெரியாது, இரண்டு மாதத்தில் பூதமாகத் திரும்பி வரும். காசநோய்க் கட்டியும் ஸ்டீராய்டில் சில நாள் சுருங்கும். “ஸ்டீராய்டுக்குக் கேட்டுது, அதனால ஆட்டோஇம்யூன்தான்” என்ற வாதம் அதனால்தான் செல்லாது. ஆன்டிபாடியை நிஜமாகவே கெடுப்பவை மற்ற இரண்டு. பிளாஸ்மா மாற்றம் அதை அள்ளிக்கொண்டு போகும். இம்யூனோகுளோபுலின், ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் ஆன்டிபாடிகளைக் கொண்டுவந்து கொட்டும். அதற்குப் பிறகு ஹெப்பாடைட்டிஸ் பி கோர் ஆன்டிபாடி பார்த்தால் அது நோயாளியுடையதா, கொடையாளியுடையதா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒளிந்திருக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியை ரிட்டக்சிமேப் கிளப்பிவிடலாம்; அது பின்னால் தேவைப்படலாம் என்றால் அந்தச் சோதனை முதல் நாளே முடிந்திருக்க வேண்டும்.

ஆக, இன்று முதுகு நீர் எடுக்க வழியில்லை, கண் போய்க்கொண்டிருக்கிறது அல்லது கால் விழுந்துகொண்டிருக்கிறது என்றால்? பத்து மில்லி ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, ஸ்டீராய்டை ஆரம்பியுங்கள். ரிப்போர்ட் வர நாள் கணக்காகும். “ரிப்போர்ட் வரட்டுமே சார்” என்று வீட்டார் கேட்பது நியாயம். அதுவரை நரம்பு காத்திருக்காது என்று சொல்லிப் புரிய வையுங்கள்.

மெத்தில்பிரெட்னிசலோன் ஒரு கிராம், நாளுக்கு ஒருமுறை, மூன்று முதல் ஐந்து நாள். 100 முதல் 250 மில்லி சலைனில் கலந்து ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரமாக. சிரிஞ்சில் வைத்துப் பத்து நிமிடத்துக்குள் தள்ளியதில் இதயத் துடிப்பு தடுமாறியவர்கள் உண்டு. முன்பே பொட்டாசியம், சர்க்கரை, மார்பு எக்ஸ்ரே, சிறுநீர். சர்க்கரையைக் காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து நார்மல் என்று எழுதாதீர்கள். ஸ்டீராய்டுச் சர்க்கரை மதியத்துக்கு மேல்தான் ஏறும், சாயங்காலம் 350 இருக்கும். வாயில் உலோகச் சுவை, ராத்திரித் தூக்கமின்மை இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போகும். இன்னொன்று, நம் விவசாயிகளுக்கு: வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர்கள் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கலாம். ஸ்டீராய்டு பட்டதும் அது உடம்பெல்லாம் பரவி உயிரையே எடுக்கும். ஐவர்மெக்டின் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அறுபது கிலோவுக்கு 12 மில்லிகிராம், ஒன்றிரண்டு நாள். மலத்தில் புழு தெரியவில்லை என்பது சாட்சியாகாது.

ஸ்டீராய்டு கேட்கவில்லை என்றால் பிளாஸ்மா மாற்றம். நியூரோமையலைட்டிஸில் தாக்குதல் கடுமையாக இருந்தால் கேட்குமா என்று ஐந்து நாள் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். 2018-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், முதல் நாளே மாற்றம் செய்தவர்கள் முழுசாகத் தேற 50 சதவீத வாய்ப்பு. இருபது நாள் கழித்தால் 1 முதல் 5 சதவீதம். அளவு போட ஒரு கணக்கு: எடை கிலோவில், பெருக்கல் 0.065, பெருக்கல் ஒன்றிலிருந்து ஹீமட்டோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) கழித்தது. அறுபது கிலோ, ஹீமட்டோகிரிட் 0.36 என்றால் 60 × 0.065 × 0.64, அதாவது இரண்டரை லிட்டர் பிளாஸ்மா. ஒரு தடவைக்கு அதே அளவோ ஒன்றரை மடங்கோ. ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்திலிருந்து ஏழு தடவை. எடுத்ததற்கு ஈடாக ஆல்புமின். நடுவில் நோயாளி “வாயைச் சுத்தி ஊசி குத்துற மாதிரி இருக்கு” என்றால், ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்துக் கால்சியம் கொடுங்கள். எனாலபிரில் வகை பிரஷர் மாத்திரையை ஒரு நாள் முன்பே நிறுத்துங்கள், ஆல்புமினோடு சேர்ந்து பிரஷரைத் தடாலென்று இறக்கும். அன்றைய மாத்திரைகளை மாற்றம் முடிந்த பிறகு கொடுங்கள். முன்னால் கொடுத்தால் பாதி பையில் போய்விடும்.

இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு மொத்தம் 2 கிராம், ஐந்து நாளில். ஐம்பது கிலோவுக்கு நாளைக்கு 20 கிராம். விலை வீட்டை உலுக்கும். இதைக் கொடுத்து முடித்த மறுநாள் பிளாஸ்மா மாற்றம் ஆரம்பித்தால் அத்தனை பணமும் கழிவுப் பையில்தான். இரண்டும் தேவையென்றால் மாற்றம் முதலில், இது பிறகு. காப்பீட்டு அட்டைக்கும் முன்கூட்டியே வழி பாருங்கள்: தமிழ்நாட்டு அட்டைக்காரர் புதுச்சேரியில் சேரும்போது எது செல்லும், எது செல்லாது என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதல் நாளே கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

என்எம்டிஏ பெண்களுக்கு இதோடு ஒரு தேடலும் உண்டு. கணிசமானவர்களுக்கு சினைப்பையில் டெரட்டோமா கட்டி இருக்கும். அதை எடுக்காமல் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் இழுத்துக்கொண்டே போகும். கல்யாணமாகாத பெண் என்று வயிற்றின் மேலேயே ஸ்கேன் பார்த்து “இல்லை” என்று முடித்துவிடுகிறார்கள். சின்னக் கட்டி அதில் தப்பும். இடுப்புக்குழி எம்ஆர்ஐ கேளுங்கள். இரண்டு வாரத்தில் திருப்பம் இல்லையென்றால் ரிட்டக்சிமேப், தேவைப்பட்டால் சைக்ளோபாஸ்பமைடு. தேறுவது மெதுவாகத்தான். 577 பேரைத் தொடர்ந்து பார்த்த 2013 ஆய்வில் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் எட்டுப் பேர் இரண்டு வருஷத்தில் தன் காரியத்தைத் தானே பார்க்கும் நிலைக்கு வந்தார்கள். முதல் மாத ஐசியுவில் இதை வீட்டாரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவமனையை விட்டு அழைத்துப்போகும் முடிவை அப்போதுதான் எடுக்கிறார்கள்.

ரிட்டக்சிமேப் ஒரு கிராம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு கிராம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பாரசிட்டமால், அலர்ஜி ஊசி, 100 மில்லிகிராம் மெத்தில்பிரெட்னிசலோன் அரை மணி முன்பு. மணிக்கு 50 மில்லிகிராமில் ஆரம்பித்து அரை மணிக்கு ஒருமுறை 50 கூட்டலாம், 400 வரை. தொண்டை அரித்தாலோ குளிர் நடுக்கினாலோ நிறுத்தி, அடங்கிய பிறகு பாதி வேகத்தில். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதையோப்ரின் மாத்திரை என்றால் முதல் இரண்டு மாதம் வெள்ளையணு எண்ணிக்கையை அடிக்கடி பாருங்கள். என்யுடிடி15 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவிலேயே எண்ணிக்கை சரிந்து முடி கொத்தாகக் கொட்டும், இந்த மாற்றம் ஆசியர்களிடம் அதிகம். மாக் நோயில் பிரெட்னிசலோனை அவசரப்பட்டுக் குறைத்தால் 10 மில்லிகிராமுக்குக் கீழே வரும்போது கண் மறுபடி மங்கும்.

வீட்டுக்குப் போன பிறகு இரண்டு பருவங்கள் தொல்லை. ஒன்று கத்திரி வெயில். பழைய தழும்புள்ள நரம்பு சூட்டில் மின்சாரம் கடத்தத் திணறும். மே மாதம் மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் நின்றவருக்குக் கண் மங்கும், கால் கனக்கும். நிழலில் உட்கார்ந்து உடம்பு குளிர்ந்ததும் சரியானால் அது புதுத் தாக்குதல் இல்லை. ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் வரவும். வந்ததும் ஸ்டீராய்டு அல்ல, முதலில் ஜுரமும் சிறுநீர்ச் சோதனையும். சிறுநீர்த் தொற்றும் இதே வேஷம் போடும், அதற்கு மேல் ஸ்டீராய்டைக் கொட்டினால் தொற்றுதான் கொழுக்கும். கண் நிஜமாகவே குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கச் சிவப்புப் பாட்டில் மூடி போதும். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகத் தெரிந்து, கண்ணை உருட்டும்போது வலித்தால், அன்றே கிளம்புங்கள்.

இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெங்கல் என்று புயல்கள் நேராக இந்தக் கரையில்தான் ஏறின. ரோடு அடைபடும், மெடிக்கல் ஷாப் மூடும், கரண்ட் இருக்காது. தினசரி பிரெட்னிசலோன் சாப்பிடுகிறவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் இறங்கி மயக்கம் போடுவார், நோயும் திரும்பும். தீபாவளிக்கு முன்பே ஒரு மாத மாத்திரை தனி டப்பாவில், தண்ணீர் ஏறாத உயரத்தில். ரிட்டக்சிமேப் முறை நவம்பர் கடைசியில் வருகிறது என்றால் இரண்டு வாரம் முன்னால் போட்டுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். குப்பியை வீட்டு ஃப்ரிட்ஜில் வாங்கி வைக்காதீர்கள்; 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது அது, கரண்ட் போன மூன்றாம் நாள் அதை ஏற்றவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது.